கடைசி உருண்டை

அத்தியாயம் 14

பெருக்கின வாசலையே மறுபடியும் பெருக்கச் சொன்னான் எழிலரசன். வேலைக்காரப் பெண் இசக்கிசெல்வி துடைப்பத்தோடு நின்று அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெருக்கினாள். அங்கீகாரம் தரும் குழு இன்றைக்கு வருகிறது. வாசலில் ஒரு வேப்பிலை கிடந்தாலும் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள் என்று பிள்ளைக்குப் பயம்.

அந்தப் பயத்தில் தப்பில்லை. ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு தொழிற்சாலை மதில்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது 'துணை' இல்லம். மனவளர்ச்சி குன்றிய பெண்கள் பத்துப் பதினைந்து பேர் அங்கே தங்கியிருக்கிறார்கள். அரிசியும் மருந்தும் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் தயவில் வருகின்றன. இத்தனை வருஷம் கேள்வி கேட்காமல் கொடுத்த கம்பெனி, இரண்டாயிரத்துப் பதினான்கு பிறந்ததும் பேச்சை மாற்றிவிட்டது. அங்கீகாரச் சான்று இருந்தால்தான் இனிமேல் உதவி. சான்று கிடைக்காவிட்டால் இல்லத்தை மூட வேண்டியதுதான். இந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு போக வாசலில் யாரும் வரிசை கட்டி நிற்கவில்லை.

அதற்காகத்தான் அந்த ஒரு பொய். "பொய் இல்லம்மா, சொல்லாம உடறோம், அவ்ளோதான்" என்று எழிலரசன் போன வாரம் தன் அம்மாவின் வாயை அடைத்தானே, அது.

விஷயம் சின்னதுதான். இல்லத்தை நடத்துகிறவர்களின் சொந்தக்காரர் அங்கே தங்கக் கூடாது. தங்கினால் நடத்துகிறவர்கள் நிர்வாகத்தை விட்டு விலக வேண்டும். இது விதி. இல்லத்தின் தலைவர் பலராமன், செயலாளர் அவர் மனைவி மஞ்சுளா, எழிலரசனின் அம்மா. இங்கே தங்கியிருக்கும் லீலாவோ பலராமனின் கூடப்பிறந்த தங்கை. லீலாவுக்குத் துணை வேண்டும் என்றுதான், கம்பெனிகளுக்கு நிலம் போன பிறகு மிஞ்சிய மனையில் இந்த இல்லத்தையே கட்டினார்கள். இப்போது அவளே இல்லத்துக்கு இடைஞ்சலாம். நல்ல கூத்து!

ஆகவே லீலா யாரோ, மஞ்சுளா யாரோ என்று ஆக்கினார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் லீலாவுக்குப் பாதுகாவலர் ஆனார். மஞ்சுளாவை அவள் 'அண்ணி' என்று கூப்பிடக் கூடாது, 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும். இதற்குத் தை மாதத்திலிருந்து பயிற்சி. மஞ்சுளா எதிரே நின்று "நான் யாரு?" என்று கேட்பாள். லீலா "மேடம்" என்றால் ஒரு பிஸ்கட். "அண்ணி" என்றால் கிடையாது.

முதல் வாரம் பிஸ்கட் டப்பா குறையவே இல்லை. இப்போது ஐப்பசி. லீலா தப்பே செய்வதில்லை.

*

இல்லத்தை ஒட்டிய தங்கள் வீட்டில், கண்ணாடி முன்னால் நின்று மஞ்சுளா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நீலப் பட்டை, பிளாஸ்டிக் உறை, உள்ளே அவள் முகம், கீழே 'செயலாளர்'.

பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பலராமன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கம்பெனிச் சட்டை போட்டாயிற்று. கூட்டுரோட்டுக்கு பஸ் வரும் நேரம்.

"இன்னாங்க, இன்னிக்காவது லீவு போடக் கூடாதா? தலைவருன்னு பேர் இருக்குதுல்ல. அவங்க கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"லைன்ல ஆள் இல்ல மஞ்சுளா. மத்தியானத்துக்கு மேல பர்மிஷன் கேட்டுகினு வரேன்."

"வந்தா லீலா அண்ணான்னு ஓடியாந்து கட்டிக்கும். அந்த பயம்தானே உங்களுக்கு?"

பலராமன் குனிந்துகொண்டார். அவிழாத நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். தங்கை தூங்கிய பிறகு வீட்டுக்கு வருவதும் விழிக்கும் முன் கிளம்புவதுமாகத்தான் அவருக்கு இந்த வருஷம் ஓடுகிறது. இன்றைக்குத்தான் கொஞ்சம் தாமதம்.

வாசற்படியில் நின்று திரும்பினார். "உனக்குக் கஷ்டமா இல்லியா?"

"இல்லீங்க."

அது நிஜம். தை மாசியில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். சித்திரையில் சோறு இறங்கவில்லை. ஆடிக்கு மேல் எல்லாம் நின்றுவிட்டது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது மனசு. தொட்டால் அங்கே ஏதோ இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான். இப்படி இருப்பதும் ஒரு சௌகரியம் என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

இசக்கிசெல்வி ஓடி வந்தாள். தெற்கத்திப் பெண். கம்பெனி வேலைக்கு என்று வந்து, கம்பெனி பிடிக்காமல் இங்கே ஒட்டிக்கொண்டவள்.

"அக்கா! லீலாக்கா கட்டிலுக்கு அடியில மறுபடியும் எறும்பு சாரை சாரையாப் போவுது. நேத்துதான மருந்து அடிச்சோம்!"

"அக்கா இல்ல, மேடம்," என்றான் எழிலரசன் வெளியிலிருந்து.

"சரி, மேடம். மருந்தெல்லாம் அதுக்குப் பத்தாது. சோத்துப் பருக்கையா கெடக்கு. இந்த அக்கா சாப்பிட்டுட்டு கைய ஒழுங்காக் கழுவ மாட்டேங்காவ போல."

"கூட்டித் துடைச்சிட்டு வா" என்றாள் மஞ்சுளா.

எதிரே லீலா வந்துகொண்டிருந்தாள். முப்பத்தேழு வயசு, இரட்டைச் சடை, முகம் நிறையப் பவுடர். இப்போதெல்லாம் சடை பின்னுவது இசக்கிசெல்வி. உறவு தெரிந்துவிடும் என்று மஞ்சுளா அதையும் விட்டுவிட்டாள்.

"குட்மார்னிங் மேடம்."

"குட்மார்னிங் லீலா. பல்லு வெளக்கினியா?"

"ஆங் மேடம்."

ஒரு தடுமாற்றம் இல்லை. எழிலரசன் கையைத் தட்டினான். "சூப்பர் அத்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "சூப்பர் லீலாம்மா!" என்று முடித்தான். சமூகப்பணியில் பட்டம் வாங்கியவன். இந்த மாறுதலை எல்லாம் தனி ஆளாகத் தலையில் போட்டுக்கொண்டு கொண்டுவந்தவன். கெட்ட பிள்ளை இல்லை. இல்லம் மூடிவிட்டால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்று தூக்கம் கெட்டுக் கிடந்தது இந்த வீட்டில் அவன் ஒருத்தன்தான்.

*

குழு என்றால் பெரிய பட்டாளம் வரும் என்று நினைத்திருந்தார்கள். வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் மடிக்கணினியோடு ஒரு வடநாட்டு இளைஞர். தமிழ் தெரியாது, சிரிப்பு மட்டும் தெரியும். இன்னொருவர் காந்திமதி. ஐம்பதைத் தாண்டிய அம்மாள், கைத்தறிப் புடவை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் வேலையாக இசக்கிசெல்வியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

எல்லாவற்றையும் பார்த்தார்கள். தீ விபத்து ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் பெண்கள் வரிசையாக வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். ராஜம்மா மட்டும் தலையணையைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தலகாணி எதுக்கும்மா?" என்று காந்திமதி கேட்டார்.

"தீப்புடிச்சா எரிஞ்சி பூடும்ல?" என்றாள் ராஜம்மா. அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புகார்ப் பெட்டியை எழிலரசன் பெருமையாகத் திறந்து காட்டினான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் புகார்ப் பெட்டி! உள்ளே ஒரு ஹேர்பின், புளியங்கொட்டை, பாதி பிஸ்கட். காந்திமதி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அப்படியே உள்ளே வைத்து மூடினார். எழிலரசனுக்கு வியர்த்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் புது மேஜைகள், ஆளுக்கொரு தட்டு.

"முன்னாடி எப்படிச் சாப்பிடுவாங்க?"

"தரையிலதான் மேடம். எல்லாரும் ஒண்ணா" என்றாள் மஞ்சுளா. "இப்ப மாத்திட்டோம். ஒருத்தர் தட்டுலேர்ந்து இன்னொருத்தருக்குக் குடுக்கறது, கையால ஊட்டறது, எல்லாத்தையும் நிறுத்திட்டோம். சுகாதாரம்."

ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். ஒப்பித்ததுதான்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், மஞ்சுளா சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாவாடை சட்டையில் ஒரு பன்னிரண்டு வயசுப் பெண் கதவோரம் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை நீட்டியது. தட்டில் மோர்ச்சோறு கடைசி வாய் மிச்சம் இருந்தது. உருட்டி அந்தக் கையில் வைத்தாள். அன்றிலிருந்து எந்த வேளையானாலும் கடைசி உருண்டை லீலாவுக்கு. மஞ்சுளா பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு, குன்றத்தூருக்குப் போயிருந்த மாதங்களில் லீலா சரியாகவே சாப்பிடவில்லை. வாசலிலேயே நின்றிருந்தாளாம். எழிலரசனைக் கையில் ஏந்தி மஞ்சுளா திரும்பி வந்தபோது, குழந்தையைக்கூடப் பார்க்காமல் முதலில் உள்ளங்கையைத்தான் நீட்டினாள்.

தை மாதத்தோடு அது நின்றது. நின்றதை லீலா எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் மறந்துவிட்டாள் என்று நினைத்தார்கள். வசதியான நினைப்பு.

அறைகளைப் பார்த்துக்கொண்டு வந்த காந்திமதி, லீலாவின் கட்டில் அருகே குனிந்தார். காலையில் துடைத்த இடத்தில் எறும்பு மறுபடியும் சாரை போட்டிருந்தது.

"இந்த ஒரு ரூம்ல மட்டும் ஏன்?"

"தெரியல மேடம். மருந்து அடிச்சிட்டுத்தான் இருக்கோம்" என்றான் எழிலரசன்.

"சரி. நான் அவங்களையே கேட்டுக்கறேன்."

*

தங்கியிருப்பவர்களிடம் குழு தனியாகப் பேசும். அந்த நேரம் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. இதுவும் விதி. அதற்கென்று ஓர் அறை, அதன் கதவில் கண்ணாடி. வெளியிலிருந்து பார்க்கலாம், கேட்க முடியாது.

மற்றவர்களோடு பேசி முடித்து, லீலாவைக் கூப்பிட்டார் காந்திமதி. மஞ்சுளா கூடத்துத் தூணோரம் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லீலா முதலில் கையைக் கட்டிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். காந்திமதி எதையோ கேட்டார். லீலாவுக்குச் சிரிப்பு வந்தது. பேசத் தொடங்கினாள். பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு அவள் பேசிப் பல மாதமாயிற்று. நடுவில் ஒரு தரம் உள்ளங்கையைக் குவித்து, அதில் எதையோ உருட்டுவது போலக் காட்டினாள்.

மஞ்சுளா அதைப் பார்த்தாள். பார்த்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அசையாதது அவளுக்கே திகிலாக இருந்தது.

"நல்லா போவுதும்மா. பாஸ்தான்" என்று கிசுகிசுத்தான் எழிலரசன்.

லீலா வெளியே வந்து, மஞ்சுளாவைப் பார்த்து "தேங்க்யூ மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். காந்திமதி மஞ்சுளாவையும் எழிலரசனையும் அலுவலக அறைக்கு அழைத்தார். வடநாட்டு இளைஞர் ஒரு மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லா பண்ணியிருக்கீங்க. ஒரே ஒரு விஷயம் கேக்கணும்" என்றார் காந்திமதி. "லீலாவோட அண்ணி யாரு?"

எழிலரசனின் பேனா நின்றது.

"எறும்பு ஏன் வருதுன்னு கேட்டேன். தினமும் சாப்பாட்டுல கடைசியா ஒரு உருண்டை எடுத்துட்டு வந்து, கட்டிலுக்கு அடியில வெக்கறாங்களாம். அண்ணிக்கு. அண்ணி ஊருக்குப் போயிருக்காங்களாம். வந்தா பசிக்குமேன்னு வெக்கறாங்க."

எழிலரசன் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தான்.

"எந்த ஊருன்னு கேட்டேன். குன்றத்தூராம். குட்டிப் பாப்பா எடுத்துக்கிட்டு வருவாங்களாம்." காந்திமதி மஞ்சுளாவைப் பார்த்தார். "உங்களைப் பத்தியும் சொன்னாங்க. இந்த மேடம் அண்ணி மாதிரியே புடவை கட்டுவாங்க, அண்ணி மாதிரியே இருமுவாங்க, ஆனா இது அண்ணி இல்ல, மேடம்னு."

அந்த அம்மாளின் முகத்தில் என்ன இருக்கிறது என்று மஞ்சுளாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒருத்தங்க இத்தனை மாசமா காத்துக்கிட்டிருக்காங்க. தினம் எறும்பை மட்டும் பெருக்கியிருக்கீங்க, ஏன்னு யாரும் கேக்கலை. குடும்பத் தொடர்புக்குன்னு தனி விதியே இருக்கு. அந்த அண்ணியோட போன் நம்பர் குடுங்க, நான் பேசறேன்."

"அவங்க..." எழிலரசன் மேஜையைப் பார்த்தான். "அவங்க தவறிட்டாங்க மேடம்."

பெற்ற பிள்ளை, பெற்றவளை எதிரே நிற்க வைத்துக்கொண்டே சாகடித்துவிட்டான்! மஞ்சுளா மகனைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் வரவில்லை. சட்டையின் மேல் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தான். அதுதான் அவள் கண்ணில் பட்டது.

"எப்போ?"

"தை மாசம், மேடம்."

"லீலாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல மேடம். அவங்களுக்குப் புரியாதுன்னு..."

"ஒருத்தருக்குன்னு தினம் சோறு எடுத்து வெக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது புரியாதா? மறைக்கறது தப்புங்க. இன்னிக்கே சொல்லிடுங்க. நான் கூட இருக்கேன்." மஞ்சுளா பக்கம் திரும்பினார். "நீங்கதானே செயலாளர். நீங்க சொல்றதுதான் முறை. நான் போய் அவங்களைக் கூட்டிட்டு வரேன்."

அவர் வெளியே போனதும் எழிலரசன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லிடும்மா. ஒரு நிமிஷ வேல. கொஞ்சம் அழும், அப்புறம் மறந்துடும். என்னிய திட்டணும்னா அப்பறமா திட்டு. ராஜம்மாவ நெனச்சுப் பாரு. இத்த மூடிட்டா அவங்கள யாரு வெச்சுப்பாங்க? சொல்லு."

அது நியாயமான கேள்வி. மஞ்சுளா கையை விடுவித்துக்கொண்டாள்.

"ஏன்டா, நான் செத்துட்டேன்னு நானே சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

எழிலரசன் தலையைக் குனிந்துகொண்டான்.

லீலா வந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள், கை ஈரம். பாவாடையில் துடைத்துக்கொண்டு, பழக்கியபடி கையைக் கட்டி நின்றாள். பின்னால் காந்திமதி.

"சொல்லுங்க மேடம்."

மஞ்சுளா வாயைத் திறந்தாள். செய்துவிடலாம் என்றுதான் இருந்தது. எதுவும்தான் உறைப்பதில்லையே, இதுவும் உறைக்காது.

"லீலா. உங்க அண்ணி..."

லீலாவின் முகம் அப்படியே மலர்ந்தது. "வந்துடுச்சா?"

மஞ்சுளாவின் தோளுக்கு மேலாக ஜன்னலை எட்டிப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். "இசக்கி, அண்ணி வந்துகீது! கேட்டத் தொற!" என்று கத்துவது அறைக்குள் கேட்டது.

மஞ்சுளா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் சாகல மேடம்," என்றாள். "நான்தான் அந்த அண்ணி. லீலா என் நாத்தனாரு. இவன் நான் பெத்த புள்ள. இவனத்தான் அது குட்டிப் பாப்பான்னு சொல்லுது."

"அம்மா!" என்றான் எழிலரசன்.

"போதும்டா."

காந்திமதி உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இளைஞரிடம் ஏதோ சொன்னார், அவர் தட்டச்சை நிறுத்தினார்.

"சந்தேகமாத்தான் இருந்துது" என்றார் பிறகு. "நீங்களே சொல்லணும்னு நெனச்சேன். அம்மா, இந்த விதி எதுக்குன்னு யோசிச்சீங்களா? நடத்தறதும் நீங்க, சொந்தமும் நீங்க. லீலாவுக்கு ஒரு குறைன்னா யார்கிட்ட போய்ச் சொல்வாங்க? இத்தனை மாசம் மனசுல வெச்சிருந்ததை, இன்னிக்கு வழியில போற நான் கேட்டப்பதானே சொன்னாங்க?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். சரியாகப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது?

"மறைச்சதை நான் எழுதித்தான் ஆகணும். ஆனா வழி அடைஞ்சு போகலை. ஒண்ணு, லீலாவை வேற இல்லத்துக்கு மாத்தணும். குன்றத்தூர்ல நல்ல இடம் இருக்கு. இல்லேன்னா, நீங்களும் உங்க வீட்டுக்காரரும் நிர்வாகத்தை வேற ஆளுங்ககிட்ட குடுத்துட்டு, அவங்களுக்கு அண்ணன், அண்ணியா மட்டும் இருக்கணும். நாளைக்குக் காலையில ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடி இங்க வந்துட்டுப் போறோம். முடிவு பண்ணிச் சொல்லுங்க."

அவர்கள் கேட்டைத் தாண்டிப் போகும்போது லீலா சாலையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். காந்திமதி அவள் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

*

எழிலரசன் அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். பிறகு போனை அம்மாவிடம் நீட்டினான். பின்னணியில் இயந்திரச் சத்தம்.

"இன்னா மஞ்சுளா இது? நிர்வாகத்த உடறதா? என் நெலம், என் வூடு. எவனோ வந்து குந்திக்குவான், நான் கேட்டாண்ட நின்னு பாக்கணுமா?"

"அப்ப லீலாவ அனுப்பிடலாமா?"

இயந்திரச் சத்தம் மட்டும் வந்தது.

"இன்னாங்க, கேக்கறேன்ல?"

"வந்து பேசிக்கலாம். இப்பவே கெளம்பறேன்." போன் நின்றது.

"குன்றத்தூர்னா அத்தை தகராறு பண்ணாம போகும்மா" என்றான் எழிலரசன் மெதுவாக. "அண்ணி அங்கதான் கீதுன்னு நெனச்சுகினு இருக்குதுல்ல."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது போலும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. மற்றவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். கூடத்தில் லீலா மட்டும் மேஜை முன் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். கேட்டிலிருந்து அவளை இழுத்து வர இசக்கிசெல்வி படாத பாடு பட்டிருக்கிறாள்.

மஞ்சுளா கழுத்துப் பட்டையைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு லீலா பக்கத்தில் உட்கார்ந்தாள். லீலா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள், மரியாதையாக.

இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். மஞ்சுளா கடைசியில் மோர் விட்டுப் பிசைந்தாள். கை தானாக உருட்டியது. அந்த உருண்டையை நீட்டினாள்.

லீலாவின் உள்ளங்கை தானாக விரிந்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், கைக்கு மறக்கவில்லை. மஞ்சுளா அதில் உருண்டையை வைத்தாள்.

லீலா அதைப் பார்த்தாள். வாயில் போடவில்லை. விரல்களை மெல்ல மூடிக்கொண்டாள்.

"சாப்புடு லீலா."

"அண்ணிக்கு" என்றாள் லீலா. "இன்னிக்கி வந்துடும். வழில பஸ்ஸு கெடைக்கல போல."

"என்ன நல்லா பாரு." மஞ்சுளா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு கையில் மோர்ச்சோறு ஒட்டியிருந்தது. "நான் எங்கியும் போகல. இங்கியேதான் இருந்தேன். அட்டையெல்லாம் கழட்டிட்டேன் பாரு. சொல்லு, நான் யாரு?"

கேட்ட பிறகுதான் தெரிந்தது. தை மாதத்திலிருந்து தினமும் கேட்ட அதே கேள்வி, அதே வார்த்தை.

லீலா அவளை உற்றுப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. உதடு ஏதோ சொல்ல வருவது போலக் குவிந்தது. பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை கொஞ்சம் கஷ்டமாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். தெரிந்த கேள்விதானே? அவள் ஏமாறவில்லை. பெருமையாகச் சிரித்தாள்.

"மேடம்."

வெளியே கம்பெனி வண்டி ஒன்று ஹாரன் அடித்து நின்றது. பலராமன் இறங்கி, லீலா விழித்திருக்கும் பகல் வேளையில், கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மஞ்சுளா திரும்பவில்லை. ஊசி மருந்தின் வேகம் குறைந்து, மரத்துக் கிடந்த இடத்தில் வலி தொடங்கியிருந்தது. ஐயோ என்று கத்த வேண்டும் போல இருந்தது.

லீலாவின் ஒரு கையில் அண்ணிக்கு வைத்த உருண்டை மூடியிருந்தது. அவள் இன்னொரு கையை நீட்டினாள்.

"பிஸ்கட், மேடம்?"